பெட்டிக்குள் ஒரு வெள்ளை உருண்டை

பங்குனி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும், இங்குள்ள நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு சடங்கு தவறாமல் நடக்கும். ஸ்வெட்டர், மப்ளர், குல்லாய், ரஜாய் எல்லாவற்றையும் மொட்டை மாடி வெயிலில் போட்டு, உதறி, மடித்து, டிரங்குப் பெட்டியில் அடுக்கி, மடிப்புக்கு மடிப்பு வெள்ளை உருண்டைகளைப் போட்டு மூடிவிடுவோம். ஊரில் இருந்தவரை நமக்கு இந்த வேலையே கிடையாது. தஞ்சாவூர்ப் பக்கத்து மார்கழிக் குளிருக்குத் துண்டைத் தலையில் சுற்றிக் காதை மூடிக்கொண்டால் போதும். பிழைப்புக்காக இந்த ரூர்கேலாப் பக்கம் வந்த பிறகுதான் கம்பளி வந்தது. கம்பளியோடு அந்துருண்டையும் வந்தது.

அந்த உருண்டையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நான் ரசாயனம் படித்தவன் அல்லன். சிவில் டிப்ளமா முடித்து 1981-ல் ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளத்தோடும் ஸ்லீப்பர் கட்டையோடும் 37 வருடங்கள் கழித்து, 2018-ல் ஓய்வு பெற்றவன். ஆனாலும் இந்த உருண்டைக்கும் என் தொழிலுக்கும் உறவு உண்டு. என் குடும்பத்துக்கும் உண்டு. 2014 டிசம்பரில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவத்துக்குப் பிறகுதான் இதைப் பற்றி விசாரிக்கவும் படிக்கவும் தொடங்கினேன். அந்தச் சம்பவத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம்.

பெயர் பல, பொருள் ஒன்று

ஊரில் இதை அந்துருண்டை என்பார்கள். பாச்சை உருண்டை என்பவர்களும் உண்டு. சில ஊர்களில் ரசகற்பூரம் என்றும் சொல்கிறார்கள். இங்கே கடைத்தெருவில் 'ஃபினாயில் கீ கோலி' என்று கேட்டால்தான் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். உண்மையில் அதில் ஃபினாயிலும் இல்லை, ரசமும் இல்லை, கற்பூரமும் இல்லை. சித்த மருத்துவத்தில் ரசகற்பூரம் என்பது பாதரசம் சேர்ந்த முற்றிலும் வேறான மருந்து. பெயர்க் குழப்பத்தில் ஒன்றுக்கு மற்றொன்றை எடுத்துவிடக் கூடாது.

இதன் சரியான பெயர் நாப்தலீன். ரசாயன நூல்களில் இதை 'அரோமாட்டிக்' இனத்தில் சேர்த்திருக்கிறார்கள். நறுமணச் சேர்மம் என்று பொருள். மூக்கைத் துளைக்கும் இந்த நெடிக்கு நறுமணம் என்று பெயர் வைத்தவர் யாரோ என்று சிரிக்கத் தோன்றும். தொடக்கத்தில் இவ்வினத்தில் அறியப்பட்ட பொருள்கள் சில வாசனைப் பிசின்களிலிருந்தும் எண்ணெய்களிலிருந்தும் கிடைத்ததால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இன்று அது மணத்தைக் குறிப்பதில்லை, அணுக்கள் அடுக்கப்பட்ட விதத்தைக் குறிக்கிறது. ஆறு கார்பன் அணுக்கள் அறுகோணமாகக் கைகோத்து நிற்பது பென்சீன். அப்படிப்பட்ட இரண்டு அறுகோணங்கள் ஒரு பக்கத்தைப் பொதுவாக வைத்துக்கொண்டு ஒட்டி நின்றால் நாப்தலீன். நம் ரயில்வே குவார்ட்டர்ஸில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர் இருக்குமல்லவா, அதுபோல. நடுச்சுவர் பொது என்பதால் கார்பன் பன்னிரண்டுக்குப் பதில் பத்து, ஹைட்ரஜன் எட்டு.

இதன் உருகுநிலை 80 டிகிரி, கொதிநிலை 218 டிகிரி செல்சியஸ். ஆனால் உருகும்வரை இது காத்திருப்பதில்லை. சாதாரண அறை வெப்பத்திலேயே திடநிலையிலிருந்து நேராக ஆவியாகிவிடும். பங்குனியில் கோலிக்குண்டு அளவில் போட்ட உருண்டை கார்த்திகையில் மிளகளவாக இருப்பதன் காரணம் இதுதான். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மூடிய பெட்டிக்குள் கீழே இறங்கித் துணி மடிப்புகளில் தங்கும். கம்பளியைத் தின்பது பறக்கும் அந்துப்பூச்சி அல்ல, அதன் புழு. புழு சாவது இந்த ஆவியில்தான்.

தாரிலிருந்து பிறந்த கதை

நிலக்கரியைக் காற்றுப் படாமல் சுட்டு விளக்கெரிக்க வாயு எடுத்த காலத்தில், மிச்சமாக ஒழுகிய கறுப்புத் தாரை என்ன செய்வதென்று ஐரோப்பாவில் திகைத்தார்கள். அந்தத் தாரிலிருந்து 1819–1820 வாக்கில் இந்த வெள்ளைப் பொருளைப் பிரித்தார்கள். 1821-ல் ஜான் கிட் என்பவர் இதன் குணங்களை எழுதிப் பெயரும் வைத்தார். 1826-ல் மைக்கேல் ஃபாரடே இதில் கார்பனும் ஹைட்ரஜனும் எந்த விகிதத்தில் உள்ளன என்று கண்டார். இரட்டை அறுகோண அமைப்பை 1866-ல் எர்லன்மையர் முன்வைத்தார்.

இன்றும் உருக்காலைகளில் வழி அதுவேதான். 1959-ல் ஊதுலை மூட்டப்பட்ட நம் ரூர்கேலாவானாலும் சரி, பிலாய், பொகாரோ, ஜாம்ஷெட்பூரானாலும் சரி, இரும்பு உருக்கக் கோக் வேண்டும். கோக் அவனில் நிலக்கரியைக் காற்றுப் படாமல் 1000 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் சூடேற்றுவார்கள். வெளிவரும் வாயுவின் மேல் அமோனியா கலந்த நீரைத் தெளித்துக் குளிர்வித்தால் தார் படியும். ஒரு டன் நிலக்கரிக்கு 30 முதல் 40 கிலோ தார் கிடைக்கும். அந்தத் தாரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நாப்தலீன்.

தாரைக் காய்ச்சி வடித்தால் 170 டிகிரிவரை லேசான எண்ணெய் வரும். அதன்பின் கார்பாலிக் எண்ணெய், 210-லிருந்து 230 வரை நாப்தலீன் எண்ணெய், அதற்கு மேல் கனமான எண்ணெய்கள். கடைசியில் கலத்தில் மிஞ்சுவது பிட்ச். நாப்தலீன் எண்ணெயை ஆறவிட்டால் தேன் உறைவதுபோலப் படிகம் கட்டும். அதைச் சுழற்றியோ, சூடான அழுத்த இயந்திரத்தில் வைத்துப் பிழிந்தோ எண்ணெயை நீக்குவார்கள். கிடைப்பது பழுப்பேறிய கட்டி. இன்னும் வெண்மை வேண்டுமானால் அமிலத்திலும் காரத்திலும் கழுவி மறுபடி வடிக்க வேண்டும், அல்லது ஆவியாக்கிப் படியவைக்க வேண்டும். பிறகு அச்சில் அழுத்தினால் உருண்டை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு டன் நிலக்கரிக்கு மூன்று நான்கு கிலோ நாப்தலீன். உருண்டை ஒன்று மூன்று நான்கு கிராம் என்றால் ஆயிரம் உருண்டை. முழுவதையும் பிரித்தெடுக்க முடியாது என்பது வேறு விஷயம். வாயுக் குழாய்க்குள் இது தானாகவே படிந்து, ரத்தக்குழாயில் கொழுப்பு அடைப்பதுபோல அடைத்துக்கொள்ளும் என்றும், அதை நீக்குவது பெரும் தொல்லை என்றும் உருக்காலை நண்பர்கள் சொல்வார்கள்.

தண்டவாளத்தின் கீழே

நான் பி.டபிள்யூ.ஐ. ஆகச் சேர்ந்த நாளில் யார்டுகளிலும், பாயின்ட்–கிராஸிங்குகளிலும், பாலங்களிலும் மர ஸ்லீப்பர்கள் ஏராளம். சால், தேக்கு போன்ற வைர மரங்கள் கரையானையும் மழையையும் தாமே தாங்கும். தேவதாரு, சீர் போன்ற மென்மரங்கள் தாங்கா. அவற்றுக்கு க்ரியோசோட் என்னும் தார் எண்ணெயை ஏற்றுவார்கள். மரத்தை இரும்பு உருளைக்குள் அடுக்கி, காற்றை உறிஞ்சி எடுத்து, சூடான எண்ணெயை அழுத்தத்தோடு உள்ளே செலுத்தும் முறைக்கு ஜான் பெத்தெல் 1838-ல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். நம் நாட்டில் பஞ்சாபின் தில்வான், கேரளத்தின் ஒலவக்கோடு போன்ற இடங்களில் இதற்கான ஆலைகள் இருந்தன.

அந்த எண்ணெயிலும் நாப்தலீன் உண்டு. வெயிலில் கிடக்கும் ஸ்லீப்பர் கட்டையின் வாசனை என்று நீங்கள் பழைய ஸ்டேஷன்களில் முகர்ந்தது அதுவும் அதன் உறவினர்களும்தான். எனக்கு அது வேலையின் வாசனை. வீட்டுக்குள் நுழையும்போதே என் மனைவி, "முதலில் சட்டையைக் கழற்றி வெளியில் போடுங்கள்" என்பாள். நான் சிரிப்பேன். அந்தச் சிரிப்பை நினைத்துப் பின்னால் வருந்தினேன்.

அவுரியை வீழ்த்திய உருண்டை

இந்த உருண்டைக்கு நம் தேச சரித்திரத்திலும் பங்கு உண்டு என்பதைப் பலர் அறியார். ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலச் சாயம் செய்யப் பல ஆண்டுகள் முயன்றது. மலிவான மூலப்பொருள் நாப்தலீன். அதை ஆக்ஸிஜனோடு சேர்த்து தாலிக் அன்ஹைட்ரைடு ஆக்குவதுதான் கடினமாக இருந்தது. 1896-ல் ஆய்வுக்கூடத்தில் ஒரு தெர்மாமீட்டர் உடைந்து பாதரசம் கலத்துக்குள் சிந்த, வினை மளமளவென்று நடந்தது. பாதரசம் தூண்டுகோலாக வேலை செய்ததென்று அப்போதுதான் தெரிந்தது. மறு ஆண்டு, 1897-ல், செயற்கை நீலம் சந்தைக்கு வந்துவிட்டது.

அதன் அடி எங்கே விழுந்தது? பீகாரின் அவுரி வயல்களில். நம் தென்னாற்காட்டிலும் அவுரி பயிரான காலம் அது. சம்பாரணில் இருபது கட்டா நிலத்தில் மூன்று கட்டாவில் அவுரி பயிரிட்டே ஆக வேண்டும் என்ற 'தீன்கட்டியா' முறை இருந்தது. சாய விலை விழுந்ததும், தோட்ட முதலாளிகள் அவுரியிலிருந்து விடுவிப்பதற்கே குடியானவர்களிடம் பணமும் கூடுதல் வாரமும் கேட்டார்கள். அந்தக் கொடுமையை விசாரிக்கத்தான் 1917-ல் காந்திஜி சம்பாரண் போனார். 1918-ல் சட்டம் வந்து அம்முறை ஒழிந்தது. எங்கோ ஜெர்மனியில் உடைந்த ஒரு கண்ணாடிக் குழாய் இங்கே பீகார் உழவனின் வயிற்றைத் தொட்டது.

இன்று தாலிக் அன்ஹைட்ரைடு பெயின்ட், பிளாஸ்டிக் தொழில்களுக்குப் போகிறது. அதைப் பெட்ரோலியத்திலிருந்தும் செய்கிறார்கள். நாப்தலீனிலிருந்து துணிச் சாயங்களும், தோல் பதனிடும் செயற்கைப் பொருள்களும் வருகின்றன. என் துறைக்காரர்கள் அறிந்த இன்னொரு பயன், கான்கிரீட்டில் தண்ணீரைக் குறைத்தும் குழைவு கெடாமல் வைத்திருக்கும் நாப்தலீன் சல்ஃபோனேட் கலவை. 1960-களில் ஜப்பானில் பிறந்தது அது. ஒரு காலத்தில் மரத்தைக் காத்த பொருள், மரத்தை நீக்கிவிட்டுக் கான்கிரீட் வந்த பிறகும் வேறு வேடத்தில் கட்டுமானத்துக்கு வந்துவிட்டது.

இவ்வளவு பயனுள்ள பொருளை நான் குறை சொல்வேனா? சொல்லத்தான் போகிறேன்.

அந்த டிசம்பர்

2014-ல் என் மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்திருந்தாள். சொன்ன தேதிக்குப் பன்னிரண்டு நாள் முன்பே ஆண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். மூன்றாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். அன்றிரவு கடுங்குளிர். என் மனைவி அவசரமாக டிரங்குப் பெட்டியைத் திறந்து, மெத்தென்ற ஃபிளானல் துணிகளையும் சிறிய ரஜாயையும் எடுத்தாள். எங்கள் மகள் குழந்தையாக இருந்தபோது போர்த்தியவை, பத்திரமாக வைத்திருந்தவை. வெயிலில் போட நேரமில்லை. குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து, துடைத்து, அதில் சுற்றிப் படுக்க வைத்தாள். அறைக் கதவு ஜன்னல் எல்லாம் அடைப்பு. உருண்டை வாசனை லேசாக இருந்தது. எங்களுக்கு அது சுத்தத்தின் வாசனை.

இரண்டாம் நாள் குழந்தையின் முகம் மஞ்சள் பூத்தது. "பிறந்த குழந்தைக்கு மஞ்சள் வருவது சகஜம், காலை வெயிலில் காட்டினால் போகும்" என்றார்கள் அக்கம்பக்கத்தார். மறுநாள் உள்ளங்கால்வரை மஞ்சள். பால் குடிக்க மறுத்தது. துணியில் பட்ட சிறுநீர் தேத்தண்ணீர் நிறத்தில் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கிருந்த பெண் மருத்துவர் குழந்தையைப் பார்த்தார். பிறகு ஒரு காரியம் செய்தார்; நான் அதை என்றும் மறக்கமாட்டேன். போர்த்தியிருந்த துணியை எடுத்துத் தம் மூக்கருகே வைத்து முகர்ந்தார்.

"இதை எங்கே வைத்திருந்தீர்கள்?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"பெட்டியில்."

"ஃபினாயில் கோலி போட்டா?"

என் மனைவி தலையாட்டினாள். மருத்துவர் அந்தத் துணிகளை அறைக்கு வெளியே கொண்டுபோகச் சொல்லிவிட்டு, ரத்தம் எடுத்து அனுப்பினார். நீல விளக்கின் கீழ் வைத்தும் மஞ்சள் ஏறிக்கொண்டே போனது. அன்றிரவே குழந்தையின் ரத்தத்தைச் சிறிது சிறிதாக எடுத்துப் புது ரத்தம் ஏற்றினார்கள். விடியும்வரை நானும் மாப்பிள்ளையும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என் மனைவி, "நான்தானே சுற்றினேன், என் கையால்தானே சுற்றினேன்" என்று ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். "உருண்டை வாங்கி வந்தவன் நான், பெட்டியில் போட்டவனும் நான்" என்றேன். அது அவளுக்குக் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் மஞ்சள் இறங்கியது. இறைவன் அருளாலும் அந்த மருத்துவரின் மூக்காலும் குழந்தை பிழைத்தான்.

ரத்தத்துக்குள் ஒரு கேங்

நடந்தது என்னவென்று மருத்துவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். ரத்தத்தின் சிவப்பணு ஒவ்வொன்றும் ஓயாமல் ஓடும் தண்டவாளம்போல. ஆக்ஸிஜனைச் சுமப்பதால் அதற்கு எப்போதும் துருப்பிடிக்கும் அபாயம் உண்டு. துருவைச் சரிசெய்ய உள்ளேயே ஒரு பராமரிப்பு கேங் இருக்கிறது. அந்த வேலைக்கு இன்றியமையாத நொதியின் பெயர் ஜி6பிடி. சிலருக்குப் பிறவியிலேயே இது குறைவு. சாதாரண நாளில் அவர்களுக்கு எந்தக் குறையும் தெரியாது. ஆனால் நாப்தலீன் உடலுக்குள் போனால் ஈரல் அதை நாப்தால், நாப்தோகுவினோன் போன்ற பொருள்களாக மாற்றுகிறது. இவை சிவப்பணுவைக் கடுமையாகத் துருப்பிடிக்க வைக்கும். கேங் இல்லாத அணுக்கள் உடைந்து சிதறும். சிறுநீர் கறுக்கும், ரத்தம் சோகையாகும், மஞ்சள் நிறப் பொருளான பிலிருபின் பெருகும்.

பெரியவர்களின் ஈரல் அந்தப் பிலிருபினைப் பெரும்பாலும் சமாளித்துவிடும். பிறந்த குழந்தையின் ஈரல் இன்னும் முதிராதது. மிஞ்சிய பிலிருபின் மூளைக்குள் ஏறினால் காது கேளாமையும் கைகால் முடக்கமும் நிரந்தரமாக வரலாம், உயிரும் போகலாம். குழந்தையின் தோல் மெல்லியது. எண்ணெய் தேய்த்த தோலில் நாப்தலீன் இன்னும் எளிதாக இறங்கும். நாங்கள் அன்பாகச் செய்த ஒவ்வொன்றும் அந்த விஷத்துக்கு வழி விட்டிருக்கிறது.

மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை செய்தபோது பேரனுக்கு ஜி6பிடி குறைவு உறுதியானது. இக்குறை தாய் வழியாக மகனுக்கு வரும் என்றார்கள். தாய்க்கு எங்கிருந்து வந்தது? வீட்டில் எல்லோரும் பரிசோதித்துக்கொண்டோம். குறை எனக்கு இருந்தது. இக்குறை உள்ள தகப்பனின் மகள்கள் அனைவரும் அதைச் சுமப்பார்கள். அவர்களுடைய ஆண் பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று விளங்கியது. 1984-ல் சாரண்டா காட்டில், மனோகர்பூர் பக்கம் வேலை செய்தபோது மலேரியா வந்து பிரைமாகுவின் மாத்திரை சாப்பிட்டேன். காய்ச்சல் நின்ற பிறகும் சிறுநீர் கறுத்து, மாடிப்படி ஏற முடியாமல் இரண்டு வாரம் கிடந்தேன். மலேரியாவின் கடுமை என்றே நினைத்தேன். பிரைமாகுவின் சிலரின் சிவப்பணுக்களை உடைப்பதற்குக் காரணம் இந்த நொதிக் குறைதான் என்பதை 1956-லேயே அமெரிக்காவில் கண்டறிந்திருக்கிறார்கள். என் உடம்பு 1984-ல் எனக்கு எழுதிய கடிதத்தை 2015-ல்தான் பிரித்துப் படித்தேன். இதை என் மனைவியிடம் சொன்னபோதுதான் அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. குற்றம் தன் கையில் மட்டும் இல்லை என்று தெரிந்துகொண்டாள். பழி யாருடையது என்று பிரித்துப் பார்ப்பதில் பயனில்லை. இருவருமே அறியாமல் செய்தோம்.

மலேரியா நெடுங்காலம் இருந்த நாடுகளில் இக்குறை அதிகம் காணப்படுகிறது. நம் நாட்டிலும் பல சமூகங்களில் உண்டு. ஆகவே, "எங்கள் குடும்பத்தில் அப்படியெல்லாம் இல்லை" என்று பரிசோதிக்காமல் யாரும் சொல்ல முடியாது. நானும் 57 வயதுவரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இதைத் தவிர, 2002-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு நாப்தலீனை 'மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும்' என்ற பட்டியலில் சேர்த்தது. ஐரோப்பிய யூனியனில் 2008 முதல் நாப்தலீன் அந்துருண்டை விற்பனை இல்லை. நம் கடைகளில் இன்றும் கிடைக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, பிறந்த குழந்தை இருக்கும் வீட்டிலும், பிறக்கப்போகும் வீட்டிலும் இந்த உருண்டை வேண்டாம். உருண்டையோடு வைத்திருந்த பழைய துணியைக் குழந்தைக்குப் போடவே வேண்டாம். வெறுமனே துவைத்தால் போகும் என்று நம்ப வேண்டாம். பாட்டி வைத்திருந்த துணி என்ற பாசம் இருந்தால் அதைப் பார்த்து மகிழுங்கள், போர்த்தாதீர்கள்.

இரண்டாவது, பெரியவர்களின் கம்பளியும் பல நாள் வெயிலும் காற்றும் பட்ட பிறகே உடம்பில் ஏற வேண்டும்.

மூன்றாவது, உருண்டை இல்லாமலும் கம்பளியைக் காக்கலாம். புழுவுக்குப் பிடித்தது வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் உணவுக் கறையும் பட்ட கம்பளி. நன்கு துவைத்து, கடும் வெயிலில் திருப்பித் திருப்பிக் காயவைத்து, காற்றுப் புகாத பையில் கட்டி வைத்தால் பெரும்பாலும் போதும். நம் பாட்டிமார் போட்ட காய்ந்த வேப்பிலையையும் போடலாம். நடுவில் ஒருமுறை எடுத்து உதறி வெயில் காட்டுங்கள். சுத்தமான பருத்தித் துணிக்கு அந்துருண்டை தேவையே இல்லை. அந்துப்புழு கம்பளியையும் பட்டையும்தான் நாடும்.

நான்காவது, குழந்தைகள் இதைப் பெப்பர்மின்ட் என்று வாயில் போட்டுக்கொள்வதுண்டு. அப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாலோ எண்ணெயோ கொடுக்காதீர்கள், கொழுப்பில் இது கரைந்து உடலில் வேகமாக ஏறும். உருண்டைப் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அன்றைக்கு ஒன்றும் இல்லையே என்று விட்டுவிடவும் கூடாது. சிறுநீர் கறுப்பதும் உடல் வெளுப்பதும் ஒன்றிரண்டு நாள் கழித்தும் தெரியலாம்.

ஐந்தாவது, வீட்டில் யாருக்காவது ஜி6பிடி குறைவு என்று தெரிந்தால் எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அதைச் சொல்லுங்கள். தவிர்க்க வேண்டிய மருந்துகள் சில உண்டு.

பேரனின் பரிசோதனை

பேரனுக்கு இப்போது பத்து வயது தாண்டிவிட்டது. விடுமுறைக்கு வந்தால் பெட்டி, அலமாரி எல்லாம் சோதனை போடுவான். போன முறை, பக்கத்து வீட்டில் பெயரில்லாத ஒரு பாக்கெட் உருண்டை இருந்தது. அது என்னவென்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்லிக் கொடுத்தேன். உருண்டையைக் கையால் தொடாமல் கரண்டியால் எடுத்து, பழைய டம்ளரில் சாதாரணத் தண்ணீரில் போட வேண்டும். மிதந்தால் கற்பூரம். மூழ்கினால், இன்னொரு டம்ளரில் வெந்நீர் ஊற்றி, இனிமேல் கரையாது என்ற அளவுக்கு உப்பைக் கரைத்து, ஆறியபின் அதில் போட வேண்டும். உப்பு நீரில் மிதந்தால் நாப்தலீன். அதிலும் மூழ்கினால் பாராடைகுளோரோபென்சீன் என்ற வேறொரு ரசாயனம். அதுவும் குழந்தைகளுக்கு ஆகாததே. கற்பூரமும் விழுங்கினால் ஆபத்துதான். பரிசோதனைக்குப் பயன்பட்ட டம்ளரும் கரண்டியும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

அவன் டம்ளர் அருகே குனிந்து பார்த்துவிட்டு, "தாத்தா, மிதக்குது" என்றான். பக்கத்து வீட்டு மருமகள் அப்போது ஏழு மாதம். அன்று மாலையே அந்தப் பாக்கெட்டும், அதோடு இருந்த துணிகளும் அவர்கள் வீட்டுப் பெட்டியை விட்டு வெளியேறின.

தொழிற்சாலையிலும் தண்டவாளத்தின் கீழும் நல்ல வேலை செய்யும் பொருள் இது. அதன் இடம் அங்கே. குழந்தையின் ரஜாய்க்குள் அல்ல. இந்தப் பங்குனியில் பெட்டியை மூடுவதற்கு முன், அடுத்த மார்கழியில் அதைத் திறந்து யாருக்குப் போர்த்தப் போகிறீர்கள் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் அந்த நினைப்பு வர ஒரு குழந்தை ரத்தம் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. உங்கள் வீட்டுக்கு இந்தக் கட்டுரையே போதுமானதாக இருக்கட்டும்.